பண்ணைக் கல்லில் படிந்த கபிலப் படலம்: அதற்கு என்ன பெயர்?

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது: "நம் களப்போரத்துப் பண்ணைப் பாலத்தடிக் கல்லொன்றிலிருந்து கபில நிற வழுவழுப்பைச் சுரண்டி வந்து மாணவர்களுக்கு நுணுக்குக்காட்டியில் காட்டினேன். ஓடம் போன்ற கலங்கள் ஊர்ந்து திரிந்தன. நவிக்குலா என்று சொன்னேன். ஒரு மாணவி, 'எந்த நவிக்குலா, ரீச்சர்? இதுவரை யாரும் பார்க்காத இனமாக இருந்தால்?' என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடாதா?"

அனுப்பினால் ஒரு விடயம் தெரிய வரும்: அந்தக் கலம் ஏற்கெனவே பதிவான டி.என்.ஏ. வரிசைகளில் எதற்கு நெருக்கம், எதற்குத் தூரம் என்பது. பெயர் அதனால் மட்டும் கிடைத்துவிடாது. உங்கள் நவிக்குலா ஒரு டயற்றம், அதாவது சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஒற்றைக்கலப் பாசி. டயற்றங்களின் பெயர்களில் ஏராளமானவை டி.என்.ஏ. என்ற சொல்லே வழக்கில் இல்லாத காலத்தில், கண்ணாடித் தகட்டில் ஒட்டிய வெற்று ஓடுகளுக்கு வைக்கப்பட்டவை. இன்று உங்கள் போத்தலில் உயிரோடு ஊரும் ஒன்றுக்கு அந்தப் பெயர் உரியதா என்று சொல்ல, அந்தப் பழைய ஓட்டைத் தேடிப் போக வேண்டும். இந்த வேலையில் நான் கழித்த சில ஆண்டுகளில், புதியதைக் காணச் செலவழித்த நேரத்தைவிடப் பழைய பெயர் எதைக் குறித்தது என்று துழாவிய நேரமே அதிகம்.

சொல் பற்றி ஒன்று. டயற்றத்துக்கு இருகலப்பாசி என்று தமிழில் அழகான பெயர் உண்டு. அங்கே கலம் என்றால் பாத்திரம். நம் பாடநூல்களில் கலம் என்றால் உயிர்க்கலம் என்பதால், நம் மாணவர்கள் இதை 'இரண்டு கலங்களால் ஆன பாசி' என்று படித்துவிடுவார்கள். அதனால் டயற்றம் என்றே எழுதுகிறேன்.

நீங்கள் நவிக்குலா என்றது பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது குருநகர்க் கரையில் நிற்கும் எல்லாவற்றையும் வள்ளம் என்று சொல்வதைப் போன்றது; கடற்றொழிலாளி ஒருவர் கேட்டால் சிரிப்பார். நவிக்குலா என்ற இலத்தீன் சொல்லுக்குச் சிறு ஓடம் என்றுதான் பொருள். போரி என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1822இல் இந்தச் சாதியை உருவாக்கினார் (தமிழகத்தில் பேரினம் என்பார்கள்). அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, நடுவில் கீறு ஓடிய ஓட வடிவமெல்லாம் அந்த ஒரே கடகத்துக்குள் போடப்பட்டன. இலத்திரன் நுணுக்குக்காட்டி புழக்கத்துக்கு வந்த பிறகுதான் கடகத்தைக் கவிழ்த்துக் கொட்டி, செல்லபோரா, லுட்டிகோலா, பிளக்கோனெய்ஸ், கிரட்டிகுலா என்று பிரித்தெடுத்தார்கள். இவற்றில் சில, முன்பே யாரோ வைத்து எல்லோரும் மறந்துபோன பெயர்கள்.

பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியிலேயே இந்தப் பிரிப்பின் முதல் படியைச் செய்யலாம். அமிலத்தில் போடுவதற்கு முன் உயிரோடு பாருங்கள். உண்மையான நவிக்குலாவில் பச்சையவுருமணிகள் இரண்டு, படகின் இரு ஓரங்களிலும் நீளவாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். செல்லபோராவில் ஒன்றே ஒன்று, ஏறத்தாழ ஏணியின் ஒரு படியைப் போல, இரு ஓரங்களையும் நடுவில் ஒரு பாலம் இணைக்கும். சுத்தம் செய்த ஓட்டில் இந்தத் தகவல் இருக்காது. வெற்று ஓட்டை மட்டும் பார்த்த பழைய ஆட்கள் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டதில் வியப்பில்லை.

இனி ஓட்டின் கதை. நம் வீடுகளில் பனையோலையில் இழைத்த மூடற்பெட்டி இருந்ததே, டயற்றத்தின் சிலிக்கா ஓடு அதே அமைப்பு. மேலே சற்றுப் பெரிய மூடி, அதற்குள் பொருந்தும் சற்றுச் சிறிய அடி. கலம் இரண்டாகப் பிரியும்போது ஒரு மகள் தாயின் மூடியையும் மற்றவள் தாயின் அடியையும் எடுத்துக்கொள்கிறார்கள். இருவருமே தமக்குக் கிடைத்ததை மூடியாக வைத்து, உள்ளே பொருந்தும் புதிய அடியை இழைக்கிறார்கள். மூடியைப் பெற்றவள் தாயின் அளவிலேயே இருப்பாள். அடியைப் பெற்றவள் ஒரு சுற்றுச் சிறுத்துவிடுவாள். தலைமுறை தலைமுறையாக இது தொடர, கூட்டத்தின் சராசரி அளவு குறைந்துகொண்டே போகும். மக்டொனல்ட், பிட்சர் என்ற இருவர் 1869இல் தனித்தனியே இதைச் சொன்னார்கள். ஓர் எல்லைக்குக் கீழே சிறுத்தபின் பெரும்பாலான இனங்கள் இலிங்கமுறையில் இனம்பெருக்குகின்றன. அதில் உருவாகும் கலம் பழைய ஓட்டைக் களைந்து, ஊதிப் பெருத்து, முழு அளவில் புதுப் பெட்டி செய்துகொள்கிறது.

வகைப்படுத்துபவருக்கு இதனால் வரும் தலைவலியை யோசித்துப் பாருங்கள். ஓட வடிவ டயற்றம் சிறுக்கும்போது நீளம் வேகமாகக் குறையும், அகலம் அவ்வளவாகக் குறையாது. ஆகவே மெலிந்து நீண்ட பாட்டியும் கட்டையான பேத்தியும் ஒரே குடும்பம். இருவரையும் தனித்தனியே பார்த்து இரு பெயர் வைத்தவர்கள் உண்டு. நீளத்தை மட்டும் எழுதிவைத்தால் போதாது என்று சொல்வது இதனால்தான். ஓட்டில் குறுக்காக ஓடும் கோடுகளை எண்ணி, 10 மைக்ரோமீற்றருக்கு எத்தனை என்று எழுத வேண்டும். அளவு சிறுத்தாலும் அந்த அடர்த்தி அதிகம் மாறுவதில்லை.

அந்தக் கோடுகள் தெரிவதற்கு ஓட்டைச் சுத்தம் செய்தாக வேண்டும். யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இங்கே உண்டு. நாம் சுண்ணாம்புக் கல்லின் மேல் குடியிருக்கிறோம். கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிவது எல்லார் வீட்டிலும் தெரிந்த கதை. பண்ணைக் கல்லில் சுரண்டியதிலும் சுண்ணாம்பும் சிப்பித் துகளும் நிறைய இருக்கும். முதலில் காய்ச்சி வடித்த நீரால் உப்பைக் கழுவி, பிறகு ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நுரைத்து முடியும்வரை பொறுங்கள். இதைத் தாண்டி நேரே சல்பூரிக் அமிலத்துக்குப் போனால், கல்சியம் முழுவதும் ஜிப்சம் ஊசிகளாகி ஓடுகளை மூடிவிடும். அதன் பிறகு அந்த மாதிரியைக் கொட்டத்தான் வேண்டும். சுண்ணாம்பு போனபின் ஐதரசன் பேரொட்சைட்டில் இட்டு, நீர்த் தொட்டியில் மெதுவாகச் சூடாக்கினால் உயிர்ப்பொருள் எரிந்து போய்விடும். இதை நீங்களே, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மாணவர் கையில் கொடுக்காதீர்கள். பின்னர் மண்டவிட்டு, மேல்நீரை வடித்து, நான்கைந்து தடவை கழுவுங்கள். குழாயின் அடியில் சாம்பல் போல மிஞ்சும் தூசி முழுவதும் கண்ணாடி.

அந்தத் தூசியில் ஒரு துளியை மூடுவில்லையில் காயவிட்டு, நீரிலேயே பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். டயற்றச் சிலிக்காவின் முறிவுச் சுட்டி (ஒளியை வளைக்கும் அளவு) ஏறத்தாழ 1.43, நீருக்கு 1.33. இரண்டும் கிட்டக் கிட்ட இருப்பதால் ஓடு கண்ணுக்கே படாமல் கரைந்துவிடும். ஆய்வுகூடங்களில் 1.7 அளவுச் சுட்டியுள்ள நப்ராக்ஸ் என்ற பிசினில் பதிக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் மறுபக்கம் போகலாம்: எதிலும் பதிக்காமல், காய்ந்த மூடுவில்லையைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். காற்றின் சுட்டி 1 என்பதால் வித்தியாசம் போதுமான அளவு இருக்கும், கோடுகள் பளிச்சென்று எழும். நான் முதன்முதலில் அப்படித்தான் பார்த்தேன். சித்திரக்காரர் எவரோ ஊசிமுனையால் வரைந்தது போல, நடுக்கீறிலிருந்து இரு பக்கமும் விரிந்த கோடுகள். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

எத்தனை கோடுவரை தெரியும் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். உங்கள் 40 மடங்கு வில்லையின் எண்துளை (ஒளியை வாங்கும் திறனைச் சொல்லும் எண்) 0.65 என்றால், அரை மைக்ரோமீற்றருக்குக் கிட்டிய இடைவெளிவரை பிரித்துக் காட்டும். எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு வில்லை கால் மைக்ரோமீற்றருக்குச் சற்று மேல்வரை போகும். 10 மைக்ரோமீற்றரில் 12 கோடுள்ள நவிக்குலா எளிதாகத் தெரியும். 35 கோடுள்ள நிட்சியா என்ற டயற்றத்தை எண்ணெய் வில்லையிலும் எண்ணுவது கண்ணுக்குச் சித்திரவதை. அங்கிருந்து இலத்திரன் நுணுக்குக்காட்டிதான்: ஓட்டின் மேல் பொன் மென்படலம் பூசி, கோட்டுக்குள் இருக்கும் துளைகளையும், துளைக்குள் இருக்கும் சல்லடைத் தோலையும் பார்க்கலாம்.

இவ்வளவும் பார்த்து முடித்த பிறகும் ஒன்றாகத் தோன்றுபவை பலவாக இருக்கக்கூடும். எடின்பரோ நகரில் பிளாக்போர்ட் குளம் என்று ஒன்று, வாத்துகள் நீந்தும் சாதாரணக் குளம். அங்கே செல்லபோரா புபுலா என்று ஒரே பெயரில் கிடந்தவற்றை அளந்து, வளர்த்து, எது எதனோடு கூடும் என்று சோதித்தார்கள். தம் கூட்டத்துக்குள் கூடியவை அடுத்த கூட்டத்தோடு கூடவில்லை. 2004இல் அதிலிருந்து ஐந்து புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. ஒன்றுக்கு அந்தக் குளத்தின் பெயர், இன்னொன்றுக்கு அந்த ஊரின் செல்லப்பெயர். நம் ஆரியகுளத்தைச் சுற்றி மாலையில் நடப்பவர்களுக்கு இது ஒரு செய்தி.

இப்போது டி.என்.ஏ.வுக்கு வருவோம். நீங்கள் சுரண்டிய வழுவழுப்பை அப்படியே அனுப்பினால் அதிலுள்ள எல்லா உயிர்களின் வரிசைகளும் கலந்துதான் வரும். உங்கள் ஓடம் எந்த வரிசைக்குரியது என்று சொல்ல முடியாது. அதனால் ஒற்றைக் கலத்தைப் பிடிக்க வேண்டும். கண்ணாடிக் குழாயைச் சுவாலையில் இழுத்து மயிரிழையாக்கி, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு கலத்தை உறிஞ்சி, சுத்தமான துளிகளில் மாற்றி மாற்றிக் கழுவி, சிலிக்கேற்று சேர்த்த எப்/2 என்ற பாசி ஊட்டநீரில் விட்டு வளர்க்கிறார்கள். பத்தில் இரண்டு பிழைத்தால் நான் மகிழ்வேன். பெருகிய பின் அந்தக் கூட்டத்தை இரண்டாகப் பங்கிட்டு, ஒரு பாதியை அமிலத்துக்கும் மறு பாதியை டி.என்.ஏ.வுக்கும் கொடுக்க வேண்டும். ஒரே தாயின் வடிவமும் வரிசையும் கையில் இருந்தால்தான் ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி. இந்தப் பங்கீட்டைச் செய்யாமல் போட்ட வரிசைகள் உலகத் தரவுத்தளங்களில் நிறைய இருக்கின்றன. '99 வீதம் பொருந்துகிறது' என்று கணினி ஒரு பெயரை நீட்டும்போது, அந்தப் பெயரை வைத்தவர் ஓட்டைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

டயற்றங்களில் வழக்கமாகப் படிக்கப்படும் மரபணுக்களில் ஒன்று ஆர்.பி.சி.எல்.; ஒளித்தொகுப்பில் காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் நொதியத்தின் பெரிய துண்டுக்கானது, பச்சையவுருமணிக்குள் இருக்கிறது. இன்னொன்று கருவிலுள்ள 18எஸ் மரபணு. மிக நெருங்கிய இனங்களைப் பிரிக்க ஐ.டி.எஸ். என்ற, வேகமாக மாறும் பகுதி உதவுகிறது.

நான் மேலே சொன்ன பழைய பெயர்ச் சிக்கலுக்கு ஸ்கெலட்டொனீமாவைவிட நல்ல உதாரணம் இல்லை. கடல்நீரில் சங்கிலி சங்கிலியாக மிதக்கும் டயற்றம் அது. இறால் குஞ்சு பொரிப்பகங்களில் முதல் தீனியாகக்கூடக் கொடுப்பார்கள். வடகடல் தொடங்கி வெப்பவலயக் கரைகள்வரை கண்டவர் எல்லாம் ஸ்கெலட்டொனீமா கொஸ்டாட்டம் என்று எழுதினார்கள். அதன் உடற்றொழிலியல் பற்றி எத்தனையோ ஆய்வுகள். பிறகு பல கடல்களிலிருந்தும் வளர்த்த கூட்டங்களின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது அவை தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்து நின்றன. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் திரும்பப் பார்த்தால், கலத்தைக் கலத்தோடு கோக்கும் சிறு குழாய்களின் அமைப்பிலும் வித்தியாசம் இருந்தது. அதுவரை எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 2005இல் நான்கு புதிய இனங்கள் அதிலிருந்து பிறந்தன.

சரி, பழைய பெயர் இவற்றில் யாருக்கு? மரபணு இங்கே வாய் திறக்காது. 1866இல் கிரெவில் என்பவர் இதை முதலில் விவரித்தபோது பயன்படுத்திய ஹொங்கொங் மாதிரிகளை எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. பார்த்தால், அந்த மாதிரிகளுக்குள்ளேயே இரண்டு இனங்கள்! ஒன்று பழைய பெயரை வைத்துக்கொண்டது. மற்றதற்குக் கிரெவிலின் பெயரையே வைத்தார்கள். அதற்கு முன் அந்தப் பெயரில் வெளிவந்த பழைய பட்டியல்கள் எதைக் குறித்தன என்பது, மாதிரி கையில் இல்லாவிட்டால், இனித் தெரியப்போவதில்லை.

இப்படி வளர்த்து ஆராய்ந்தால் இனங்கள் பிரிந்துகொண்டே போகும் என்று நினைத்துவிடாதீர்கள், சேரவும் செய்யும். நம் களப்புக்கு இது மிகவும் பொருந்துகிறது. சைக்ளோட்டெல்லா கிரிப்டிகா என்ற உவர்நீர் டயற்றத்தின் உப்பளவை மாற்றி வளர்த்துப் பார்த்து 1971இல் எழுதினார்கள். ஒரே கலத்தின் வழிவந்தவை, உப்புக் குறைந்தபோது இன்னோர் இனத்தின் ஓட்டையே இழைத்தன. யாழ்ப்பாணக் களப்பைப் பாருங்கள்: மாரியில் மழைநீர் இறங்கி உப்புக் குறையும்; ஆவணி, புரட்டாதியில் வற்றி, கடலைவிட உப்பாகும் மூலைகளும் உண்டு. ஒரே கல்லில் கார்த்திகையில் ஒரு வடிவமும் ஆவணியில் இன்னொரு வடிவமும் இருந்தால், இரண்டு இனம் என்று எழுதக் கை துடிக்கும். அவற்றை வளர்த்து, வரிசை பார்த்த பின் எழுதுவது நல்லது.

என் கையும் ஒருமுறை துடித்தது. பண்ணை மாதிரியில், உப்புநீரில் இருக்கவே கூடாத ஒரு நன்னீர் வடிவத்தைக் கண்டேன். இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. மூன்றாம் நாள்தான் நினைவு வந்தது: அதே பற்தூரிகையால் முந்தின வாரம் நிலாவரைக் கிணற்றுப் படியைச் சுரண்டியிருந்தேன். கண்ணாடி ஓடு தும்புகளுக்குள் ஒளிந்தால் அலசினாலும் போகாது. இப்போது இடத்துக்கு ஒரு தூரிகை, வேலை முடிந்ததும் எறிந்துவிடுகிறேன்.

மிகச் சிறியவை பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் மாணவி தேடும் புதியவை அங்கேதான் அதிகம் இருக்கக்கூடும். மிதவையுயிர் பிடிக்கும் வலையின் கண் பெரும்பாலும் 20 மைக்ரோமீற்றர். மினிடிஸ்கஸ் என்ற சாதியோ 2 முதல் 5 மைக்ரோமீற்றர்தான். இறால் வலையில் கூனி நிற்குமா? 1973இல் விவரிக்கப்பட்ட இந்தச் சாதியை நெடுநாள் அரிது என்றே நினைத்தார்கள். உலகக் கடல்களில் வடித்தெடுத்த டி.என்.ஏ.வில் அதன் வரிசை அடிக்கடி தலைகாட்டியது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மத்தியதரைக் கடலில் வசந்தகாலப் பெருக்கத்தையே இந்தப் பொடிசு நடத்தியதைக் காட்டியது. இங்கே வழிகாட்டியது மரபணு. முகம் பார்க்க உதவியது இலத்திரன் நுணுக்குக்காட்டி. களப்பு நீரை வலையால் அள்ளாமல் போத்தலில் மொண்டு, நுண்வடிகட்டியில் வடித்துப் பார்த்தால் என்ன வரும் என்று எனக்கும் ஆசைதான்.

கடைசியாக மாணவியின் இரண்டாம் கேள்வி. புதிதுதான் என்று உறுதியாகத் தோன்றினாலும், முதலில் செய்ய வேண்டியது இலங்கையின் பழைய பதிவுகளைப் புரட்டுவது. லெடுஜே-ஃபோர்மொரெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1879இலேயே இலங்கை டயற்றங்களின் பட்டியலொன்றை வெளியிட்டார். நன்னீர் இனங்களுக்கு டென்மார்க்கைச் சேர்ந்த ஃபோகெட் 1976இல் எழுதியது இருக்கிறது. இவற்றிலும் பிற கடல்களின் பதிவுகளிலும் இல்லை என்றால், விதிப்படி விவரிக்கலாம். பாசிகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிக்கோவை இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரிப்பும், படமும், எல்லா ஆய்வாளருக்கும் திறந்த ஓர் உலர்தாவரச்சாலையில் பாதுகாக்கப்பட்ட மாதிரியும் கேட்கிறது. ஆங்கிலம் 2012இலிருந்துதான் போதும். அதற்கு முன் இலத்தீன் கட்டாயமாக இருந்தது. வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதை மட்டும் மாதிரியாக வைக்க முடியாது. ஒரு கண்ணாடித் தகடு வேண்டும், அதில் எந்த ஓடு என்று ஒரு வட்டமும் வேண்டும்.

ஆகவே, தகட்டிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். 20 ஓடுகளின் நீளம், அகலம், கோட்டெண்ணிக்கை. உயிருள்ள கலத்தில் பச்சையவுருமணி எத்தனை, எங்கே. எடுத்த நாள், நீரின் உப்பளவு. மாரிமழை தொடங்குமுன் ஒருமுறையும் தை மாதத்தில் இன்னொருமுறையும் அதே கல்லில் சுரண்டட்டும், புதுத் தூரிகையால். எண்களை எனக்கு அனுப்பினால், எந்தச் சாதிவரை போகலாம் என்று சேர்ந்து பார்ப்போம். கோடு எண்ண முடியாத அளவுக்கு நெருக்கமாக இருந்தால், 'எண்ண முடியவில்லை' என்றே எழுதட்டும். அதுவும் எனக்குப் பயன்படும்.